துணிக் கூரைக்கு மழை பகையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் துணிக் கூரை போட்ட கார்கள் எங்கள் பக்கத்து மழைக்கு ஒத்துவராது, அவை வெள்ளைக்காரன் நாட்டுக்கும் பணக்காரன் வீட்டுக்கும் உரியவை என்கிற மாதிரி ஒரு வரி போகிற போக்கில் போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் பணக்காரனில்லை, அரச வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், கல்லடியில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஊரில் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கன்வெர்டிபிள், அதாவது துணிக் கூரையை மடித்துத் திறக்கிற கார் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் பின்னால் அலைகிறவன்.

மழைக்கு ஒத்துவராது என்றால், மட்டக்களப்பில் ஓடுகிற இத்தனை ஓட்டோக்களும் எந்தக் கூரையோடு ஓடுகின்றன? அதுவும் கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டின ரெக்சின்தானே. கார்த்திகை மழையில் அந்த ரெக்சினுக்குள் பிள்ளைகளை நெருக்கி ஏற்றிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம், நிறைமாதக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், அப்போது யாரும் ஒத்துவராது என்று சொல்வதில்லை. நாலு சில்லு வந்தவுடன் மட்டும் அதே ரெக்சின் ஆடம்பரமாகிவிடுகிறது. என் காரின் கூரையைத் தைத்தவரே காத்தான்குடியில் ஓட்டோ ஹூட் தைக்கிற குஷன்காரர்தான், வேறு எங்கே போவது?

காரின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்கலடியில் இருந்த என் மாமாவின் கார் இது. எண்தகட்டில் அரசாங்கம் கட்டாயமாக்கின சிங்களச் சிறி எழுத்து இருக்கிறது. 1958இல் அந்த எழுத்தின் மேல் எவ்வளவு தார் பூசப்பட்டது என்று பெரியவர்களுக்குத் தெரியும், மாமா அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் காரைப் பற்றிய கதை அதோடு முடிந்துவிடும். 1948இல் லண்டன் கண்காட்சியில் மைனர் முதல்முதலாக வந்தபோதே தகரக் கூரைச் சலூனோடு துணிக்கூரைக்காரனும் கூட வந்தான், 1969 வரை செய்தார்கள். என்னுடையது 948 சீசீ எஞ்சின், 37 குதிரைவலு. யுத்த காலத்தில் பல வருடம் கிடுகுக் கொட்டிலுக்குள் வைக்கோல் போர்த்தபடி கிடந்தது. 2003இல் என் பெயருக்கு மாற்றினேன், ஆனால் டிங்கர் வேலை இழுபட்டு இழுபட்டு 2006இல்தான் கல்லடிக்கு வந்து சேர்ந்தது. அந்த இழுபாட்டுக்கு நான் அப்போது எரிச்சல்பட்டேன், 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு எரிச்சல்படவில்லை. அன்று கார் செங்கலடியில் நின்றது.

எடுக்கும்போது கூரை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, கம்பிச் சட்டமும் அதில் தொங்கின நாலு கந்தலும்தான். காத்தான்குடி நானாவிடம் கொண்டுபோனேன். அவர் சட்டத்தைச் சுற்றி மூன்று தரம் நடந்துவிட்டு, "இது ஓட்டோ ஹூட்டுக்கு மூத்த காக்கா சேர்" என்றார், காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். பழைய கந்தலைத் தையல் பிரித்து அதையே வெட்டு அளவாக வைத்துத் தைத்தார். வேலை அருமையாக வந்தது. பிழை விட்டது நான். எங்கள் பக்கத்து வீட்டு மச்சான் கடலுக்குப் போகிறவர், வலை பொத்துகிற நைலோன் நூல் அறவே அறாது என்று ஒரு உருண்டை தந்தார், நானும் பெருமையாகக் கொண்டுபோய் இதாலே தையுங்கள் என்று கொடுத்தேன். இரண்டு வருடம் போகவில்லை, ரெக்சினுக்கு ஒரு கீறலும் இல்லை, தையல் மட்டும் விரலால் இழுத்தால் தும்புதும்பாக வந்தது. வலை தண்ணீருக்குள் கிடக்கிற சாமான், என் கூரை நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் நைலோனைத் தின்றுவிடும், பொலியெஸ்டர் நூல் அதைவிட நன்றாகத் தாங்கும், பருத்தி நூலென்றால் ஈரத்தில் உக்கிப் போகும். இரண்டாம் தரம் பொலியெஸ்டர் நூலால் எல்லாத் தையலையும் மறுபடி ஓட்டினார். "நான் அப்பவே சொல்ல நினைச்ச சேர், நீங்க படிச்ச ஆள் என்று பேசாம விட்ட" என்றார். அந்த வசனத்துக்கு நான் கூலியைவிடக் கூடக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் சொல்லவருவது இதுதான். எங்கள் பகுதியில் துணிக் கூரையைக் கொல்வது மழையில்லை. மழை கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்கள் வெயிலும் உப்புக் காற்றும்தான். மழையைப் பார்த்தால் நாங்கள் பயந்து தறப்பாள் தேடுகிறோம், வெயிலைப் பார்த்துப் பயப்படுவதில்லை, அதனால் கூரை வெயிலில்தான் சாகிறது. ரெக்சினுக்குள் இருக்கிற மெதுமைப் பதார்த்தம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துபோய், மடிக்கிற இடத்தில் முதலில் வெடிக்கும், அதன் பிறகு வருகிற மழைக்கு ஒழுகும், அப்போது பழி மழைக்கு. ஒரு கிடுகுக் கொட்டில் போதும் ஐயா. நாலு கப்பும் இருபது கிடுகும் கூரையின் ஆயுளை எவ்வளவு கூட்டும் என்று நான் என் காரிலேயே கண்டேன், முதல் கூரை திறந்த முற்றத்தில் நின்றது, இரண்டாவது கொட்டிலுக்குள் நிற்கிறது, இரண்டாவதுதான் இன்னும் இருக்கிறது.

ரெக்சின் வேண்டாம், நல்ல துணிதான் வேண்டும் என்கிறவர்கள் மொஹேர் என்ற பெயரில் விற்பதைப் போடலாம். மேலே நெய்த துணி, நடுவில் மெல்லிய றப்பர் படை, உள்ளே பருத்தித் துணி, மூன்றையும் ஒன்றாக ஒட்டியது. மொஹேர் என்றால் அங்கோரா ஆட்டின் மயிர், ஆனால் இப்போது கார்க் கூரைக்கு அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான், ஆட்டுக்கு விலை கொடுக்கிறோம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். பார்க்க அழகு, சத்தமும் குறைவு. பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றில்லை. ரெக்சினைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துவிட்டு வினைல் பூச்சுப் போட்டால் சரி. துணியை மென்மையான பிரஷால் நெசவு ஓடுகிற பக்கமாகத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் உருண்டோடாமல் ஊறத் தொடங்கினால் மட்டும் நீர்விலக்குத் திரவம் அடிக்க வேண்டும். பொச்சுமட்டையைத் தொடவே கூடாது. சேர்விஸ் ஸ்டேஷனில் பிறஷர் தண்ணீர் அடிக்கவும் விடக்கூடாது, பையன் ஆசையாய் அடிப்பான், தையல் ஓட்டையெல்லாம் அகன்றுவிடும். பிளீச் வைத்துப் பூஞ்சணத்தை எடுத்த ஒருவரைத் தெரியும், பூஞ்சணம் போனது உண்மை, நூலும் கூடவே போனது.

பூஞ்சணம் என்றதும் ஞாபகம் வருகிறது. கன்வெர்டிபிள் வைத்திருக்கிறவனுக்கு ஊரில் இருக்கிற ஒரே மரியாதை கல்யாணக் காலத்தில்தான். மாப்பிள்ளையை ஏற்ற வேண்டும், கூரையைத் திறந்துவிட வேண்டும், பூமாலை கட்ட வேண்டும். மறுத்தால் பகை. என் மருமகன் முறையான ஒருவன் ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனான். களுவாஞ்சிகுடி தாண்டும்போது திடீர் மழை, கூரையைப் போட்டிருக்கிறான், நல்லது. மழை விட்டதும் மண்டப வாசலில் படம் எடுக்க வேண்டுமென்று நனைந்த கூரையை அப்படியே மடித்துப் பின்னால் திணித்து, மேலே உறையையும் இழுத்துப் பட்டனைப் பூட்டி, அப்படியே என் கொட்டிலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். சொல்லவில்லை. நான் எட்டு நாள் கழித்துத் திறந்தால் உள்ளே காளான் தோட்டம். மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் புள்ளி, நாற்றம் ஒரு மாதம் போகவில்லை. நனைந்த கூரையை மடிக்கவே கூடாது, வழியில்லாமல் மடித்தால் வீட்டுக்கு வந்தவுடன் விரித்துக் காயவிட வேண்டும், அவ்வளவுதான், இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை, நனைந்த சாரனை மடித்து அலுமாரிக்குள் வைப்போமா? இன்னொன்று, திறந்தபடியே மாதக் கணக்கில் விட்டாலும் துணி சுருங்கும், பிறகு முன்கண்ணாடி வரைக்கும் இழுத்தால் எட்டாது. பெரும்பாலான நாளும் கூரை போட்டபடிதான் நிற்க வேண்டும். இதைச் சொன்னால் சனம் சிரிக்கிறது, மூடியே வைக்கவா திறக்கிற கார் வாங்கினீர்கள் என்று.

அடுத்தது முன்கட்டை. மைனரில் கூரையின் முன்விளிம்பு ஒரு மரக்கட்டையில்தான் ஆணி அடித்து நிற்கிறது, அந்தக் கட்டைதான் கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டப்படும். ஆணித்துளையால் தண்ணீர் இறங்கி உள்ளேயிருந்து உக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் வேகமாக வரும்போது காற்று உள்ளே புகுந்து கூரையை முன்பக்கத்தால் தூக்கும். எனக்கு அது ஏறாவூர் தாண்டி நடந்தது. நான் வலக்கையால் ஸ்டியரிங்கையும் இடக்கையால் கூரையையும் பிடித்துக்கொண்டு ஓரமாக நிறுத்தினேன், மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கு முழுதும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பலாப் பலகையில் ஓடாவியார் ஒருவர் செதுக்கித் தந்தார், இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளை ஆணி போட்டோம். கடற்கரையில் இரும்பு ஆணி துருப்பிடித்துத் துணியையும் தின்னும், கட்டையையும் தின்னும். சட்டத்தின் மூட்டுகளுக்கும் இதே கதைதான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவித் துடைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய். கல்லடியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரே கொஞ்சம் உவர், அதால் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கணக்கு, குழாய்த் தண்ணீர்தான் பாவிக்கிறேன்.

பின் யன்னல் இருக்கிறதே, அதுதான் தலைவலி. கண்ணாடி இல்லை, தெளிவான பிளாஸ்டிக் தாள். வெயிலில் மஞ்சளாகும், மடிப்பில் கீறும், அப்புறம் பின்னால் வருவது லொறியா மாடா என்று தெரியாது. மடிக்கும்போது அந்தத் தாளுக்கு நடுவில் ஒரு பழைய, மெத்தென்ற சாரனை வைத்து மடியுங்கள், தூசியோடு மடிக்காதீர்கள், பெற்றோல், மண்ணெண்ணெய், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். இது பழைய காரின் குறை மட்டுமில்லை, 1989இல் மஸ்டா எம்எக்ஸ்-5 வந்தபோதும் பின்னால் பிளாஸ்டிக் யன்னல்தான், அடுத்த மொடலில்தான் கண்ணாடி போட்டார்கள். அந்த மஸ்டாவை யாராவது வைத்திருந்தால் ஒரு சொல்: சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்குகிற துளை இருக்கிறது, வேப்பம் சருகு அதை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடுகிற ஓரப் பெட்டிக்குள் இறங்கி உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும், கூரை ஒழுகுகிறது என்று கூரையை மாற்றிப் பலனில்லை. மைனரில் தரையில் றப்பர் மூடி போட்ட துளைகள் இருக்கின்றன, கழற்றிவிட்டால் தண்ணீர் போய்விடும், வெள்ளைக்காரனுக்கும் ஒழுகும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறான்.

பூனை, காகம், தென்னை மூன்றையும் பற்றிச் சுருக்கமாக: பூனைக்குச் சூடான ரெக்சின் மெத்தை, நகத்தால் பிராண்டும், விரட்ட முடியாது, நான் விட்டுவிட்டேன். காக எச்சத்தை அன்றைக்கே ஈரத் துணியால் எடுக்க வேண்டும். தென்னைக்குக் கீழே எந்தக் காரையும் நிறுத்த வேண்டாம், துணிக் கூரைக் காரை நிறுத்தவே வேண்டாம்.

இதெல்லாம் கூரைக்கு. கூரையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைக் கட்டுரையில் தொடவேயில்லை. பழைய மைனர் சலூனின் தகரக் கூரையை வெட்டியெடுத்துவிட்டு, ரெக்சின் போட்டு, ஒறிஜினல் கன்வெர்டிபிள் என்று விற்கிறார்கள். கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒருவர், வெளிநாட்டில் கஷ்டப்பட்டு உழைத்த காசில் அப்படி ஒன்றை வாங்கி, கதவு சாத்துப்படவில்லை, கொஞ்சம் பாருங்கள் அண்ணே என்று என்னிடம் கொண்டுவந்தார். பக்கவாட்டில் ஜாக் போட்டுத் தூக்கினேன், கதவின் இடைவெளி என் கண்ணுக்கு முன்னாலேயே மாறியது. கார் நடுவால் வளைகிறது. மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடல்தான் சட்டம், தகரக் கூரையும் அந்தப் பலத்தில் ஒரு பங்கு. கூரையில்லாமல் செய்தபோது தொழிற்சாலை சும்மா விடவில்லை, கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிக்குள் தடித்த தகடு வைத்தது, டாஷ்போர்டின் இரண்டு முனைக்கும் கீழே தாங்குதகடு வைத்தது. வெட்டுகிறவர் அதொன்றும் வைப்பதில்லை. வாங்கப்போகிறவர்கள் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு அந்தத் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், பதிவுப் புத்தகத்தில் பொடி வகை, அதாவது உடல் வகை என்ற இடத்தில் சலூன் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தம்பியின் புத்தகத்தில் சலூன் என்றுதான் இருந்தது, புத்தகத்தை அவர் வாங்கும்போதே பார்த்தவர், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

உண்மையான கன்வெர்டிபிளுக்கும் இதே இடத்தில்தான் உயிர். ஓரப் பெட்டி துருப்பிடித்தால் டிங்கர் பாஸ் அதை வெட்டமுதல் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டிங் பிடித்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெட்டினவுடன் கார் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் ஆயுளுக்கும் பொருந்தாது. வெட்டுவதென்றால் மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் வெட்டின மாதிரி வெட்ட வேண்டும்: செய்து முடித்த மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நாலு அங்குலம் அகட்டி வைத்துப் பார்த்து, சரி இதுதான் என்றாராம். பொனட்டின் நடுவில் ஓடுகிற தட்டையான பட்டி அந்த நாலு அங்குலம்தான். அவர் தன் காரை வெட்டினார், மற்றவர் தலையில் கட்டவில்லை.

பாகம் கிடைக்காதே என்று கட்டுரையில் கவலைப்பட்டிருந்தார்கள். அதற்கும் பயப்பட வேண்டாம். 1990களில் எங்கள் நாட்டின் தெற்கிலேயே மைனருக்கு உடல் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், மைனர் பிறந்த ஊருக்கே. இன்றைக்கும் கொழும்பில் தேடினால் கிடைக்கிறது, இல்லாததை எங்கள் பாஸ்மார் அடித்துத் தருகிறார்கள். கிறீஸ் மட்டும் மறக்கக்கூடாது, முன்சில்லு திரும்புகிற கீழ் மூட்டுக்குக் கிறீஸ் இல்லாவிட்டால் ஒருநாள் அது கழன்று சில்லு படுத்துவிடும், கூரை ஒழுகுகிற கவலையெல்லாம் அப்போது சின்னக் கவலை.

சரி, இவ்வளவு பாடுபட்டு எப்போதுதான் திறந்து ஓடுகிறீர்கள் என்று கேட்பீர்கள். பகலில் இல்லை. பங்குனி வெயிலில் பத்து மணிக்குக் கூரையைத் திறந்து ஓடுகிறவனுக்குத் தலையில் மூளை இருந்தால் அது அவிந்துவிடும். விடியற்காலை ஐந்தரைக்கு வவுணதீவுப் பக்கமாக உன்னிச்சைக் குளம் வரைக்கும் போய்வருவேன், வயல் வாசமும் எருமைச் சாண வாசமும் யன்னல் திறந்த காரில் வருகிற மாதிரி இல்லை, முழுதாக வரும். பின்னேரமென்றால் பழைய கல்லடிப் பாலத்தடிக்கு. 1924ஆம் ஆண்டுப் பாலம் அது, பக்கத்தில் 2013இல் புதியது வந்தபிறகு கனரக வாகனமெல்லாம் அதில்தான். கூரையைத் திறந்தால் எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்கிற மீன் கேட்குமா என்று இரண்டு பேராவது கேட்டுவிட்டார்கள். சாவியைத் திருப்பி வைத்திருந்தால் எஞ்சின் பக்கத்துப் பெற்றோல் பம்பின் டிக் டிக் கேட்கும், நிறுத்தினால் நுளம்பு கேட்கும்.

2022இல் கிழமைக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் பங்கிட்ட காலத்தில் இந்தக் கார் பெரும்பாலும் கொட்டிலில்தான் நின்றது. அந்த மாதங்களில்தான் இரண்டாவது கூரையின் தையலெல்லாம் தேன்மெழுகு வைத்துத் தேய்த்தேன், அதுவும் வீண்போகவில்லை.

கட்டுரை எழுதினவர் இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கார்த்திகையில் வந்தால் இன்னும் நல்லது, மழைக்குள்ளேயே களுவாஞ்சிகுடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். ஒரு துவாயும் கையோடு கொண்டுவரட்டும், இடது பக்க யன்னலின் மேல்விளிம்பால் இன்னும் கொஞ்சம் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு வாசகன்